வீட்டுக் கம்ப்யூட்டரும் நம் நல்ல பழக்கங்களும்

(சின்னக்கானலில் தொடர்கல்வி வகுப்பில் பேசிய பேச்சு)

 

காலையில் இருந்து கொழுந்து எடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் ஏலக்காட்டில் இருந்து நேராக வந்திருக்கிறீர்கள். கால் வலிக்கும். எனக்குத் தெரியும். நானும் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். அதனால் நீட்டி முழக்க மாட்டேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன். யார் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா! பாதிப் பேர் கை தூக்குகிறீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே இரண்டு கைகூடத் தூக்கியிருக்காது.

2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்தது. பள்ளிகளை மூடினார்கள். ஜூன் 1-ஆம் தேதி முதல் கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் வீட்டில் இருந்தே பாடம் படிக்கும் ஏற்பாடு தொடங்கியது. பிள்ளைகள் படிப்புக்காகக் கடன் வாங்கினோம். சீட்டு எடுத்தோம். கம்ப்யூட்டர் வாங்கினோம். பாடம் முடிந்தது. கம்ப்யூட்டர் வீட்டில் தங்கிவிட்டது.

இன்று அதில் என்னென்ன இருக்கிறது? பிள்ளையின் மார்க் சீட்டு, கல்யாணப் போட்டோ, பேங்க் கணக்கு, பி.எஃப். தாள், பட்டயத்தின் நகல். ஒரு குடும்பமே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எப்படிக் காப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரு தாளின் கதை

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் பாட்டி இந்த மலைக்கு வந்த காலத்தில் எஸ்டேட்டில் கொடுத்த ஒரு தாள் எங்களிடம் இருந்தது. இரண்டு பக்கம். 1948 என்று வருஷம் போட்டிருக்கும். முதல் பக்கத்தில் பாட்டியின் பெயர். இரண்டாம் பக்கத்தில் குடும்பத்தில் உள்ளவர்கள் பெயர். அதில் என் அப்பா பெயரும் உண்டு.

அந்தத் தாளின் மதிப்பை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், ‘1950-க்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே இருந்ததா? ஆதாரம் எங்கே?’ என்று கேட்கிறார்கள். ஒரு பழைய தாள் இல்லாமல் படிப்புச் சலுகையை இழந்த பிள்ளைகள் இந்த மலையில் உண்டு.

நான் அந்தத் தாளைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன். அதோடு நிம்மதி அடைந்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். ‘கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே’ என்று தாளைக் கவனிக்காமல் விட்டேன். டிரங்குப் பெட்டிக்குள் கரையான் புகுந்தது. தாள் போயிற்று.

2021 ஐப்பசி மாதம். சாயங்காலம் இடி இடித்தது. கம்ப்யூட்டரை அணைத்துத்தான் வைத்திருந்தோம். ஆனால் பிளக் சுவரில் செருகியபடியே இருந்தது. ஒரு மின்னல். பளீர் என்று வெளிச்சம். கருகிய வாடை. அவ்வளவுதான்.

பழுது பார்க்கும் தம்பி பிரித்துப் பார்த்தார். “அக்கா, உள்ளே இருக்கிற டிஸ்க்கும் போயிடுச்சு” என்றார். பெட்டி போனது பற்றி நான் அழவில்லை. அந்தத் தாளை நினைத்து அழுதேன்.

பிறகு ஒரு நினைவு வந்தது. போடியில் இருக்கும் என் தங்கச்சிக்கு ஒரு தடவை போனில் அந்தப் படத்தை அனுப்பியிருந்தேன். அவளைக் கேட்டேன். தேடினாள். கிடைத்தது! ஆனால் முதல் பக்கம் மட்டும். இரண்டாம் பக்கத்தை நான் அனுப்பவே இல்லை.

அப்பா பெயர் இருந்த அந்தப் பக்கத்துக்குப் பதிலாக வேறு ஆதாரம் தேடிப் பத்து மாதம் அலைந்தேன். எத்தனை நாள் கூலி போயிற்று! கடைசியில் அப்பா படித்த பள்ளியின் பழைய பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது. அதை வைத்துத்தான் காரியம் நடந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. கம்ப்யூட்டர் கெட்டால் வேறு வாங்கலாம். அதற்குள் இருப்பது போனால் கடையில் கிடைக்காது.

மின்னலுக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கு

நம் மலையில் சித்திரை, வைகாசியில் கோடை மழை. ஐப்பசி, கார்த்திகையில் துலா மழை. இரண்டு காலத்திலும் மத்தியானத்துக்கு மேல் இடி கூடும்.

மின்னல் நம் வீட்டின் மேலேயே விழவேண்டும் என்பதில்லை. தூரத்தில் கரண்டுக் கம்பியில் விழுந்தாலும் போதும். அந்த வேகம் கம்பி வழியாக வீட்டுக்குள் ஓடி வரும். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருப்பது மிகச் சிறிய இடைவெளி. மின்னல் அதைத் தாண்டிவிடும். பல பிளக் செருகும் பெட்டியும் மின்னலைத் தடுக்காது.

என்ன செய்வது? வானம் கருக்கும்போதே பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட் ஒயரையும் பிடுங்குங்கள். அந்த வழியாகவும் மின்னல் வரும். இடி தலைக்கு மேலே வந்துவிட்டால் பிளக்கைத் தொடாதீர்கள். அப்போது பெட்டி போனாலும் போகட்டும். உயிர் பெரிது.

நம் ஊரில் கரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் வரும். வேலை நடுவில் கரண்டு போனால் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும். எழுதியது அழியும். டிஸ்க்கும் கெடலாம். மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் யு.பி.எஸ். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது சில நிமிஷம் தாங்கும். அதற்குள் முறைப்படி அணைத்துவிடலாம்.

மூன்று கால் பிளக்கின் மூன்றாவது காலை வெட்டாதீர்கள். அது எர்த். ஷாக் அடிக்காமல் பிள்ளையைக் காப்பது அதுதான்.

புகை, ஈரம், எலி

கம்ப்யூட்டரும் மூச்சு விடும். அதற்குள் ஒரு சின்ன மின்விசிறி இருக்கிறது. வெளிக்காற்றை இழுத்து உள்ளே இருக்கும் சூட்டைத் தள்ளும். காற்று போகும் துளைகளை அடைத்தால் சூடு ஏறும். கம்ப்யூட்டர் மெதுவாகும். பிறகு பழுதாகும்.

குளிருக்கு இதமாக இருக்கிறது என்று மடிக்கணினியைக் கம்பளியின் மேல் வைக்கிறோம். கம்பளி துளையை மூடிவிடும். பலகையின் மேல் வையுங்கள்.

நம் வீடுகளில் விறகு அடுப்பு. புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. தூசி அதில் ஒட்டிக்கொண்டு விசிறியை அடைக்கும். அடுப்புக்குத் தள்ளி, அடுத்த அறையில் கம்ப்யூட்டரை வையுங்கள். மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தண்ணீர் தெளிக்கவேண்டாம்.

மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊர் இது. ஈரம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மழைக்காலத்தில் வாரக் கணக்கில் மூடி வைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அதன் சூடே ஈரத்தை விரட்டும். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள்.

குளிரில் இருந்து கதகதப்பான அறைக்குள் கொண்டு வந்த உடனே போடாதீர்கள். குளிர்ந்த டம்ளருக்கு வெளியே நீர் முத்து முத்தாகக் கோக்கும் அல்லவா? அதுபோலக் கம்ப்யூட்டருக்குள்ளும் கோக்கும். அரை மணி நேரம் பொறுங்கள்.

தின்பண்டம் சிந்தினால் எறும்பு வரும். எறும்புக்குப் பின்னால் பல்லி வரும். எலிக்கு ஒயர் என்றால் கரும்பு. மேசையைச் சுத்தமாக வையுங்கள். மடிக்கணினியின் பேட்டரி உப்பி இருந்தால் சார்ஜ் போடாதீர்கள். குத்திப் பார்க்காதீர்கள். அது தீப்பிடிக்கும். கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நோய்

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. தெரியாத ஆபத்தும் உண்டு. அதன் பெயர் வைரஸ்.

இது காய்ச்சல் தரும் கிருமி இல்லை. மனிதர் எழுதிய ஒரு கட்டளைத் தொகுப்பு. கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழையும். தன்னைப்போலவே நகல் எடுக்கும். அடுத்த கம்ப்யூட்டருக்குப் பரவும். 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்பது அந்த வகையில் பழைய ஒன்று. அப்போது பிளாப்பி என்னும் தட்டுகள் மூலம் பரவியது. இப்போது பென் டிரைவ், மின்னஞ்சல், இன்டர்நெட் என்று எல்லா வழியிலும் பரவுகிறது.

‘நமக்கு யார் அனுப்பப் போகிறார்கள்?’ என்று நினைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ‘வானாக்ரை’ என்ற வைரஸ் உலகம் எங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அது செய்த வேலை என்ன? கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தாள்கள், படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் பூட்டிவிடும். பிறகு திரையில் ஒரு மிரட்டல் வரும். ‘300 டாலர் கொடு. இல்லாவிட்டால் திறக்க மாட்டேன்.’ 300 டாலர் என்றால் அன்றைக்கு ஏறத்தாழ 19,000 ரூபாய்.

திங்கட்கிழமை நம் கேரளத்துக்கும் வந்தது. வயநாடு மாவட்டத்தில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகம். பத்தனம்திட்டா மாவட்டத்தில் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகம். அங்கே கம்ப்யூட்டரைப் போட்டவர்கள் திரையில் அந்த மிரட்டலைத்தான் பார்த்தார்கள். பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் சில கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. லண்டனைத் தாக்கியது மூன்றே நாளில் மலை நாட்டுப் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டது, பாருங்கள்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வைரஸ் நுழைந்தது விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே மருந்து வந்துவிட்டது! போட்டுக்கொண்ட கம்ப்யூட்டர்கள் தப்பித்தன. போடாதவை மாட்டிக்கொண்டன.

திரையில் ‘அப்டேட்’ என்று வரும். தொந்தரவு என்று நாம் தள்ளிவிடுகிறோம். இனித் தள்ளாதீர்கள். அது பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி மாதிரி. இராத்திரி சாப்பிடும் நேரத்தில் போட விடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் நின்றுவிட்டன. முடிந்தால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்காது என்றால் கவலை வேண்டாம். நம் பிள்ளைகள் பள்ளியில் எதில் படிக்கிறார்கள்? லினக்ஸில். கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் பள்ளிகளுக்காக அதைத் தயாரிக்கிறது. அது இலவசம். வீட்டிலும் போடலாம். பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களே சொல்லித் தருவார்கள்.

திருட்டுப் பிரதி போட்டுத் தருகிறேன், ஐந்நூறு ரூபாய் போதும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருட்டுப் பிரதியோடு வைரஸும் சேர்ந்து வரும்.

பென் டிரைவ் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி. கண்டவர் பிரஷை நாம் வாயில் வைப்போமா? வெளியில் எங்கேயாவது செருகி எடுத்து வந்தால், திறப்பதற்கு முன் வைரஸ் இருக்கிறதா என்று சோதியுங்கள். அதற்கான காவல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அதை அணைத்து வைக்காதீர்கள்.

கதவுக்கு நல்ல தாழ்ப்பாள்

அரிக்கொம்பனை நம்மில் யார் மறப்பார்கள்? அரிசி வாசம் பிடித்து வரும். பன்னியார் ரேஷன் கடையை எத்தனை தடவை உடைத்தது! 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி அதைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அரிசி இருக்கும் இடம் யானைக்குத் தெரியும். பணம் இருக்கும் இடம் திருடனுக்குத் தெரியும். யானை பாவம், பசிக்கு வந்தது. திருடன் அப்படி இல்லை.

கம்ப்யூட்டருக்குத் தாழ்ப்பாள் பாஸ்வேர்டு. 123456 என்று வைப்பது வாசலில் கயிறு கட்டுவது போல. பிள்ளை பெயர், பிறந்த வருஷம், போன் நம்பர் இவையும் வேண்டாம். சம்பந்தம் இல்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வையுங்கள். குடை, எருமை, ஏணி, மிளகு என்பது போல. நான் சொன்னதையே வைத்துவிடாதீர்கள்! பேங்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கட்டும். எழுதித்தான் வைக்கவேண்டும் என்றால் ஒரு நோட்டில் எழுதிப் பெட்டிக்குள் பூட்டுங்கள். திரை ஓரத்தில் ஒட்டாதீர்கள்.

பிள்ளைகள் விளையாடத் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். புதிதாக எதையும் ஏற்ற, பெரியவர் பாஸ்வேர்டு வேண்டும் என்று வையுங்கள்.

அக்ஷயா மையத்திலோ வேறு கடையிலோ வேலை முடிந்ததும் உங்கள் கணக்கில் இருந்து வெளியே வந்துவிடுங்கள். தாளின் நகலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

அவசரப்படுத்துகிறவரை நம்பாதே

ஒரு போன் வரும். “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது. நாங்கள் கம்பெனியில் இருந்து பேசுகிறோம். இந்தச் செயலியைப் போடுங்கள்” என்பார்கள். போட்டால் உங்கள் கம்ப்யூட்டர் அவர்கள் கைக்குப் போய்விடும். எந்தக் கம்பெனியும் இப்படித் தானாகக் கூப்பிடாது.

இன்னொரு போன் வரும். போலீஸ் உடுப்போடு ஒருவர் திரையில் தெரிவார். “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள். உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். பணத்தை இந்தக் கணக்கில் போடு” என்பார். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வையுங்கள்.

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே குணம் இருக்கும். ‘உடனே செய், யாரிடமும் சொல்லாதே’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பேங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்கு முன் தடுக்க வழி உண்டு.

மூன்று இடத்தில் வை

இப்போது என் பாட்டியின் தாளுக்குத் திரும்புகிறேன். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில், அசல் தாளைக் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, கரையான் ஏறாத உயரத்தில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்திருக்க வேண்டும். பென் டிரைவைக் கழற்றித் தனியாக வைக்கவேண்டும். செருகியே வைத்தால் மின்னல் இரண்டையும் சேர்த்து அடிக்கும். வானாக்ரை மாதிரி வைரஸ் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும்.

மூன்றாவது, வீட்டுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளமும் மண்சரிவும் நினைவு இருக்கிறதா? இடுக்கியில் எத்தனை வீடுகள் போயின! கேரளம் முழுவதும் எத்தனையோ பேர் சான்றிதழ்களை இழந்தார்கள். வீடே போகும்போது வீட்டுக்குள் எத்தனை நகல் இருந்து என்ன பயன்?

வெளியே எங்கே வைப்பது? அரசின் ‘டிஜிலாக்கர்’ இருக்கிறது. 2015-இல் தொடங்கியது. அரசு அலுவலகமே அதில் நேராக வழங்கும் சான்றிதழ் அசலுக்குச் சமம். நாமே படம் எடுத்து ஏற்றுவது வெறும் நகல்தான். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். நம்பிக்கையான சொந்தக்காரரிடமும் ஒரு பென் டிரைவ் கொடுத்து வைக்கலாம். போடியில் தங்கச்சி, தேனியில் மாமா, யாராவது இருப்பார்கள்.

வருஷம் ஒரு தடவை எல்லா நகலையும் திறந்து பாருங்கள். பென் டிரைவும் கெடும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் அல்லவா? அன்றைக்கு இதையும் செய்யுங்கள்.

நினைவில் வையுங்கள்

1. வானம் கருத்தால் பிளக்கையும் இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கு.
2. கம்ப்யூட்டருக்குக் காற்று விடு. புகையும் ஈரமும் விடாதே.
3. அப்டேட் வந்தால் தள்ளாதே.
4. பாஸ்வேர்டைப் பலமாக வை. யாருக்கும் சொல்லாதே.
5. அவசரப்படுத்தினால் போனை வை. ஏமாந்தால் 1930.
6. அசலைக் காப்பாற்று. நகலை மூன்று இடத்தில் வை. ஒன்று வீட்டுக்கு வெளியே.

தோழர்களே! 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி கோழிக்கோட்டில் ஒரு விழா நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அங்கே அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி இல்லை. எழுத்தறிவு வகுப்பில் புதிதாகப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மா. 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். ஆயிஷா அம்மா பேனாவுக்குப் பயப்படவில்லை. நாமும் இந்தப் பெட்டிக்குப் பயப்பட வேண்டாம். மாட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, கொழுந்துக் கூடையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, இதையும் பார்த்துக்கொள்ளத் தெரியும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் மிக முக்கியமான தாள் எது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். அதைப் படம் எடுங்கள். எல்லாப் பக்கத்தையும் எடுங்கள். இரண்டாம் பக்கத்தை மறந்துவிடாதீர்கள்.